ஆன்னிக் அனுப்பிய ஆறாயிரம்

"வந்த பணம் அப்படியே நிக்குது, முசியே. உங்க கணக்குல சேரணும்னா, இது என்ன பணம்னு நீங்க எழுதித் தரணும்" என்றாள் வங்கியில் இருந்த கொராலி.

அர்மான் த்ரெவிதிக் நாற்காலியில் சாயாமல் உட்கார்ந்திருந்தார். முப்பத்திரண்டு வருடம் கெரிலி துறைமுகத்தை ஆண்ட முதுகு அது. ஓய்வு பெற்ற பிறகும் வளையவில்லை.

"கனடாவுல இருக்கற என் தங்கை ஆன்னிக் அனுப்பியிருக்கா. ஆறாயிரம் யூரோ. இதுல எழுத என்ன இருக்கு?"

"அன்பளிப்புன்னு போட்டுடலாமா?"

"மத்மசேல், த்ரெவிதிக் குடும்பம் யார்கிட்டயும் எதையும் இனாமா வாங்கினதில்லை."

"சரி. பணத்தோட அவங்க ஒரு குறிப்பும் அனுப்பியிருக்காங்க. வாசிக்கட்டுமா?"

"என் தங்கை சொல்றதை வங்கிக்காரங்க வாயால கேக்கற நிலைமை எனக்கு இன்னும் வரல."

"உங்க இஷ்டம். ஆனா நீங்க எழுதறதும் அந்தக் குறிப்பும் ஒத்துப்போனாத்தான் பணம் உள்ள வரும். இல்லேன்னா இருபத்தஞ்சாம் தேதி திரும்பிப் போயிடும்."

அர்மான் யோசித்துச் சொல்வதாக எழுந்து வந்துவிட்டார்.

அந்தப் பணம் திரும்பிப் போகக் கூடாது. த்ரெவிதிக் குடும்பக் கல்லறைக்கு நகராட்சி கொடுத்திருந்த குத்தகைக் காலம் முடிந்துவிட்டது. மேல்கல்லும் நடுவில் பிளந்திருந்தது. 'உரியவர்கள் நகராட்சிக்கு வரவும்' என்று ஒரு மஞ்சள் அட்டையைச் சிலுவையிலேயே கட்டிவிட்டுப் போயிருந்தார்கள். நவம்பர் முதல் தேதி, புனிதர் திருநாளன்று, ஊரே செவ்வந்தித் தொட்டிகளோடு அங்கே வரும். எதிர்க் கல்லறை, எதிர்வீட்டு மதாம் க்ளொவரெக்கின் குடும்பத்துடையது. அவள் கண்ணாடி போட்டுக்கொண்டு அந்த அட்டையை வாசிப்பதை நினைத்தாலே அர்மானுக்குச் சோறு இறங்கவில்லை. குத்தகையைப் புதுப்பிக்கவும் கல்லை மாற்றவும் ஆறாயிரம். அவருடைய ஓய்வூதியத்தில் அது முடியாத காரியம்.

"ஆன்னிக்குக்கு ஒரு போன் போட்டு, எதுக்கு அனுப்பினேன்னு கேளேன்" என்றாள் மனைவி மரிவோன். கல்லறை விஷயத்தைக் கனடாவுக்குச் சொன்னதும், வங்கிக் கணக்கு எண்ணைக் கொடுத்ததும் அவள்தான்.

"பதினோரு வருஷமா பேசாதவகிட்ட நானா முதல்ல பேசறதா?"

பதினோரு வருடத்துக்கு முன் அம்மாவின் அடக்கப் பூசையில் அர்மான் முன்வரிசையில் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தார். "அண்ணன் குறட்டை விடறார்" என்று ஆன்னிக் எல்லார் காதிலும் விழும்படி சொல்லிவிட்டாள்.

"நான் ஜெபம் பண்ணிட்டிருந்தேன்" என்றார் அர்மான் இப்போதும்.

"பாதிரியாரே பிரசங்கத்தை நிறுத்திட்டுத் திரும்பிப் பார்த்தார்ப்பா. அவ்வளவு சத்தமான ஜெபம்."

அடுத்த செவ்வாய்க்கிழமை அர்மான் தெளிவான பதிலோடு வங்கிக்குப் போனார். 1971-இல் ஆன்னிக் கனடாவுக்குக் கப்பல் ஏறியபோது அவர் நானூறு பிராங்க் கொடுத்திருந்தார். "பழைய கடன் திரும்பி வருது" என்று எழுதிக் கொடுத்தார்.

கொராலி கணக்குப் பொறியைத் தட்டினாள். "நானூறு பிராங்குன்னா இன்னிக்கு அறுபத்தோரு யூரோ, முசியே. அதுக்கு ஆறாயிரம் வாங்கறீங்க. இதைக் கந்துவட்டின்னு சொல்வாங்க. நான் மேலிடத்துக்கு எழுதியாகணும்."

"கந்துவட்டியா? நானா?" மேசை மேலிருந்த தாளை அவர் அவசரமாகத் திரும்பப் பிடுங்கிக்கொண்டார். "கடன் இல்லை. விற்பனை. எங்க தாத்தாவோட நிலைக் கடிகாரத்தை அவளுக்கு வித்துட்டேன்."

"அப்ப கடிகாரம் நாட்டை விட்டுப் போனதுக்கு ரசீது, அதோட மதிப்புச் சான்று, ரெண்டும் வேணும்."

கடிகாரம் வீட்டுக் கூடத்தில் டிக் டிக்கென்று நின்றுகொண்டிருந்தது. த்ரெவிதிக் குடும்பத்து ஆள் பொய்க் காகிதம் கொடுக்க முடியாது. ஆகவே அன்று மாலையே தச்சன் வந்தான். ஆளுயரப் பெட்டி ஒன்று தயாரானது. பெட்டிக்கும் கப்பலுக்கும் சேர்த்து நானூற்றைம்பது யூரோ. குளிர்காலத்தில் வீட்டைச் சூடாக்கும் எண்ணெய் வாங்க வைத்திருந்த பணம்.

"நல்லதுதான்" என்றாள் மரிவோன், சுவரில் வெளுத்துக் கிடந்த இடத்தைப் பார்த்து. "இனி குளிர்ல நடுங்கிட்டே, மணி என்னன்னு பக்கத்து வீட்ல கேட்டுக்கலாம்."

"குடும்ப மானத்துக்கு முன்னாடி கடிகாரம் என்ன, எண்ணெய் என்ன!"

"அந்தப் பெட்டியில இன்னும் இடம் இருந்துது. உன் மானத்தையும் சேர்த்து அனுப்பியிருந்தா வீட்ல நாலு பேர் நிம்மதியா இருப்போம்."

"வீட்ல ரெண்டு பேர்தானே இருக்கோம்?"

"பூனைகளைச் சேர்த்துச் சொன்னேன்."

இருபத்தைந்தாம் தேதி. அர்மான் ஞாயிற்றுக்கிழமைக் கோட்டைப் போட்டுக்கொண்டு, கப்பல் ரசீதையும் மதிப்புச் சான்றையும் கொராலி முன் வைத்தார்.

அவள் சான்றை இரண்டு முறை பார்த்தாள். "கடிகாரத்தோட மதிப்பு நூற்று எண்பது யூரோன்னு போட்டிருக்காங்க."

"சந்தையில நூற்று எண்பது. எங்க குடும்பத்துக்கு ஆறாயிரம்."

"முசியே, நூற்று எண்பது யூரோ பொருளை ஆறாயிரத்துக்கு வெளிநாட்டுக்கு வித்தா, அதை விசாரிக்கத் தனியா ஆளுங்க இருக்காங்க. அவங்க வீட்டுக்கே வருவாங்க. வண்டியில வருவாங்க."

வண்டி தன் வாசலில் நிற்பதையும், எதிர் சன்னலில் மதாம் க்ளொவரெக் கண்ணாடியைத் துடைப்பதையும் அர்மான் கண்டார். அப்புறம் அந்த மஞ்சள் அட்டையைக் கண்டார். அதன் கீழே அப்பா, அம்மா, கடலிலிருந்து திரும்பி வந்த தாத்தா. இன்று மாலை பணம் திரும்பிப் போனால் அவர்களைத் தோண்டி எடுத்துப் பொதுக்குழியில் போட்டுவிடுவார்கள்.

அவர் பேனாவை எடுத்தார். முதுகு முதல்முறையாக நாற்காலியில் சாய்ந்தது. 'அன்பளிப்பு' என்று எழுதி, தாளைக் கவிழ்த்து வைத்து நகர்த்தினார்.

"கல்லறையில இருக்கறவங்களுக்காக எழுதினேன். எனக்காக இல்லை" என்றார் சுவரைப் பார்த்து.

கொராலி தாளைத் திருப்பி வாசித்தாள். திரையைப் பார்த்தாள். உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

"இதுவும் ஒத்துப்போகலையே, முசியே."

"இதுவுமா? அப்ப என்னதான் எழுதித் தொலைச்சிருக்கா? வாசிங்க!"

கொராலி தொண்டையைச் செருமிக்கொண்டு வாசித்தாள்: "'குடும்பக் கல்லறையில் எனக்கு ஒரு இடத்துக்கான விலை. த்ரெவிதிக்குகள் எதையும் இனாமாக வாங்குவதில்லை. அண்ணனுக்குப் பக்கத்து இடம் மட்டும் வேண்டாம். அங்கேயும் அவர் ஜெபம் பண்ணுவார்.'"