கறுப்புப் பட்டையில் வந்த சாவுச் செய்தி

கம்ப்யூட்டர் படித்தவனுக்கு அறிவு ஜாஸ்தி என்று யாராவது சொன்னால், பாம்பன் பக்கம் கூட்டிப்போய் என்னைப் பற்றி விசாரிக்கச் சொல்லுங்கள்.

பரமக்குடிக்காரனான எனக்குக் கிடைத்த முதல் வேலை அது. அங்கே ஒரு நாட்டுப்படகுச் சங்கத்துக்கு வெப்சைட் செய்ய வேண்டும். கடலுக்குப் போனவரின் போனை வைத்து, படகு எங்கே நிற்கிறது என்று வீட்டிலிருந்தே பார்த்துக்கொள்ளலாம்.

வெப்சைட் கட்ட நான் எடுத்த ஃபிரேம்ஒர்க் என்கிற ரெடிமேட் சட்டத்தில் 'டீபக்' பட்டை என்று ஒன்று உண்டு. புரோகிராம் எந்த இடத்தில் மக்கர் பண்ணுகிறது என்று பிரௌசரிலேயே, பக்கத்தின் அடியில் கறுப்பாகக் காட்டும். அதைப் பொருத்தவே மூன்று நாள் ஆயிற்று. (இரண்டு நாள் தப்பான ஃபைலில் எழுதிக்கொண்டிருந்தேன். வெளியே சொல்லிவிடாதீர்கள்.)

பட்டையில் வரும் வாசகத்தை நாமே எழுதலாம். மற்றவர்கள் கௌரவமாக ஆங்கிலத்தில் எழுதுவார்கள். நான் எங்க ஊர்ப் பேச்சில் எழுதினேன். புரோகிராம் படகைத் தேடக் கிளம்பினால் 'அங்கன போறேன்'. இடம் தெரிந்தால் 'வாரேன்'. ஒன்றும் கிடைக்காமல் புரோகிராம் நின்றுபோனால் 'செத்தேன்'. முன்னால் படகுக்காரர் பெயர் வேறு தானாக ஒட்டிக்கொள்ளும். என்னா மூளை!

ஊருக்குத் திறந்துவிடும்போது பட்டையை அணைக்க வேண்டும். ஒரே ஒரு வரிதான். மறந்துவிட்டேன்.

மறுநாள் காலை சங்க ஆபீசில் டீ குடித்துக்கொண்டிருந்தேன். வெளியே அலறல். அந்தோணி என்கிற படகுக்காரரின் மனைவி சகாயமேரி அக்கா, போனைத் தூக்கிப் பிடித்தபடி ஓடி வந்தார். பின்னால் தெருவே வந்தது.

"ஐயோ மாதாவே! எம் புருசன் என்ன எழுதிருக்காருன்னு பாருங்களேன்!"

வாங்கிப் பார்த்தேன்.

அந்தோணி: அங்கன போறேன்.
அந்தோணி: செத்தேன்.

பாதி டீ சட்டையில். "அக்கா, அது அவர் எழுதலை. நான்தான் எழுதினேன்" என்றேன். (இதைவிடக் கேவலமாக ஒருத்தன் சமாதானம் சொல்ல முடியுமா?)

"ஏலே, அவரு செத்தது ஒனக்கு எப்படித் தெரியும்?" சட்டையைப் பிடித்துவிட்டார்.

"சாகலைக்கா! செத்தது புரோகிராம்க்கா!"

யார் கேட்டார்கள்? அந்தோணி அண்ணனுக்கு போன் போட்டோம். சுவிட்ச் ஆஃப். திரும்பத் திரும்ப சுவிட்ச் ஆஃப். எனக்கே பயம் வந்துவிட்டது. புரோகிராம் மட்டும்தான் செத்ததா? மாதாவே, நான் பரமக்குடி மாரியம்மன் ஆளு, இருந்தாலும் கொஞ்சம் பார்த்துக்கோ என்று வேண்டினேன்.

அரை மணி நேரம் கழித்து, மீன் கூடையோடு அந்தோணி அண்ணனே வாசலில் வந்து நின்றார். போன் தண்ணியில் விழுந்துவிட்டதாம். கூட்டத்தைப் பார்த்துப் பதறிப்போய்க் கேட்டார்: "எந்த வீட்ல எழவு?"

அக்கா அவரைக் கட்டிக்கொண்டு அழுதார். அழுது முடித்துவிட்டு என்னை அடித்தார்.

அந்த வெப்சைட்டை இன்றும் நான்தான் பார்த்துக்கொள்கிறேன். கோளாறு என்றால் அந்தோணி அண்ணன்தான் கூப்பிடுவார். என் மனைவி போனை எடுத்துவிட்டு, வீட்டில் விருந்தாளி இருந்தாலும் சத்தமாகக் குரல் கொடுப்பாள்:

"ஏங்க, செத்தவரு லைன்ல இருக்காரு!"