பேக்கிங் பிரிவின் மொத்த மகிழ்ச்சி

தனியொரு ஆளின் மகிழ்ச்சியை எந்த ஏப்பை சாப்பையும் அளந்துவிடலாம். ஒரு பிரிவுக்கே மொத்தமாக எவ்வளவு மகிழ்ச்சி என்று கண்டறிவது நாகரிகம் முற்றிய சமூகங்களால் மட்டுமே ஆகிற காரியம். சட்டைத் தொழிற்சாலையின் பேக்கிங் பிரிவைப் பொறுத்தவரை அந்த மாபெரும் பணி நமது ஆய்வாளரின் தலையில் விழுந்திருந்தது. தற்காலிக வேலை. ஆய்வு தேறினால் நிரந்தரம். தேறாவிட்டால் நடையைக் கட்ட வேண்டியதுதான்.

தேறவில்லை. "இங்கே வேலை செய்வது மகிழ்ச்சியா?" என்ற கேள்விக்கு ஒருத்தி ஐந்துக்கு ஐந்து போட்டிருந்தாள். பக்கத்து மேசைக்காரி ஒன்று போட்டிருந்தாள்.

ஆய்வு நிறுவனத்தின் இயக்குநர் கண்ணாடியைக் கழற்றினார். "ஒரே பிரிவு, ஆளுக்கொரு பதிலா? இது பிரிவோட மகிழ்ச்சி இல்லய்யா, தனித்தனிப் புலம்பல். புலம்பலுக்கெல்லாம் நம்மகிட்ட நிதி கிடையாது. குழுன்னா பதில் ஒத்துப்போகணும். அதுக்குப் பேர்தான் 'நம்பகத்தன்மை'."

ஆய்வாளர் பேக்கிங் பிரிவுக்கு ஓடினார். அங்கே எல்லாருக்கும் மூத்த அக்கா சட்டைக் காலருக்குள் அட்டை சொருகிக்கொண்டிருந்தார்.

"ஏங்க்கா இப்படிக் கவுத்துட்டீங்க?"

"கக்கூஸ் சாவி சூப்பர்வைசர் பையில இருக்கு தம்பி. கேட்டதும் கிடைச்சவ அஞ்சு போட்டா. அடக்கிக்கிட்டு நின்னவ ஒண்ணு போட்டா."

"அய்யோ, காரணமெல்லாம் எதுக்குக்கா? எல்லாரும் ஒரே எண்ணைப் போட்டாப் போதும்."

"எந்த எண்?"

"எதுவா இருந்தா என்ன?"

மறுபடி கேட்டபோது ஒருத்தி பாக்கியில்லாமல் ஒன்று போட்டார்கள். துளியும் மகிழ்ச்சி இல்லை என்பதில் அப்படியொரு அப்பழுக்கற்ற ஒற்றுமை! இயக்குநர் எழுந்து நின்று கைதட்டினார். ஆய்வாளருக்கு வேலை நிரந்தரமாயிற்று. 'முழுமையான நம்பகத்தன்மை' என்ற சான்றிதழை முதலாளி கண்ணாடிச் சட்டம் போட்டு வரவேற்பறையில் மாட்டினார்.

நெஞ்சு நெகிழ்ந்து, நன்றி சொல்ல அக்காவிடம் வந்தார் ஆய்வாளர்.

"சந்தோசம் தம்பி. அப்போ சாவியைக் கதவுலயே விடச் சொல்லிட்டாங்களா?"

"பதில் ஒத்துப்போகுதான்னு பாக்கறதுதான்க்கா எங்க வேலை. பதில் என்னன்னு பாக்கறது இல்ல."

"உங்க டைரக்டரும் பாக்கலியா?"

"இல்லக்கா."

"முதலாளி?"

"இல்ல."

"ஏன் ஒண்ணு போட்டோம்னு ஒருத்தர்கூடவா கேக்கல?"

"ஒருத்தரும் கேக்கலக்கா."

அக்கா கால் மாற்றி நின்றார். கேட்டு ஒரு மணி நேரமாகியும் சாவி வரவில்லை.

"அப்போ உங்க கூட்டத்தையும் அளந்தாச்சு தம்பி. ஒருத்தர்கூட மாத்திச் சொல்லல."