மூச்சுப் பழகிய முப்பது நாள்

இந்தச் சித்திரையில் தனியாகக் கொடைக்கானல் போய்விடுவது என்று தீர்மானித்தேன். தனியாக. அந்த வார்த்தையை வாய்க்குள் போட்டுக்கொண்டாலே குளிர்ந்தது.

நான் வக்கீல் குமாஸ்தா. கோர்ட்டுக்கு முப்பது நாள் விடுமுறை. வக்கீலுடைய கொடைக்கானல் பங்களா இந்த வருஷம் காலி. "போய் இருந்துட்டு வாரும்" என்று சாவியைத் தந்துவிட்டார். எங்கள் காளவாசல் வீட்டில் வெயில் கூரை ஓட்டைப் பிளந்தது. நானோ கண்ணைத் திறந்தபடியே மேகத்துக்குள் படுத்திருந்தேன். ஜன்னல் வழியாக ஒரு மேகம் வருகிறது. என் போர்வையைத் தொட்டுப் பார்க்கிறது. எழுப்பாமல் போய்விடுகிறது. விறகு பிளக்கச் சொல்ல ஒரு ஜீவன் இல்லை.

என் மனைவி மாயக்காள், "நானும் வாரேன்" என்பாளே? அதற்கும் பேப்பரில் வழி கிடைத்தது. இமயமலை ஏறப் போன வெள்ளைக்காரர்களைப் பற்றி நீளமாகப் போட்டிருந்தான்.

"மேல போகப் போகக் காத்து லேசாயிரும், மாயக்கா. தலை சுத்தும். ஒரேயடியா ஏறுனா ஆள் காலி."

"அப்ப வெள்ளைக்காரங்க எப்பிடி ஏறுனாங்க?"

"பாதி மலையில தங்கித் தங்கி ஏறுவாங்க. ஒடம்புல புது ரத்தம் ஊறும். அப்பறம் மூச்சு பழகிரும்."

"அதுக்கு எம்புட்டு நாளாகும்?"

சில வாரம் என்றுதான் போட்டிருந்தது. அவள் மலைத்துப்போகட்டும் என்று, "ஒரு மாசம்" என்றேன். நுணலும் தன் வாயால் கெடும்.

மாயக்காள் முகத்தில் அப்படியொரு கவலை.

"அம்புட்டு ஆபத்துன்னா ஒங்கள எப்பிடி நேரா ஏழாயிரம் அடிக்கு விடுவேன்? பாதி மலையிலதான எங்கப்பா வீடு இருக்கு. பண்ணைக்காட்டுல தங்கிப் பழகிட்டு ஏறுங்க. தொணைக்கு நானும் வாரேன்."

மாமனாருக்கு அன்றே கடுதாசி போனது. அவர் மலைவாழைத் தோட்டக்காரர்.

"சும்மா ஒக்காந்தா மூச்சு பழகாது, மாப்ள" என்று பண்ணைக்காட்டில் போய் இறங்கிய அன்றே என் தோளில் ஒரு வாழைத்தாரை ஏற்றினார்.

முதல் நாள் பத்தடிக்கு ஒரு தரம் உட்கார்ந்தேன். பதினைந்தாம் நாளே மூச்சு பழகிவிட்டது. ஆனால் ஒரு மாசம் என்று அடித்துச் சொன்னவன் நானாயிற்றே, எந்த முகத்தோடு மாற்றிச் சொல்வது? தலையைத் தூக்கினால் கொடைக்கானல் பக்கம் வெள்ளை வெள்ளையாக மேகம். அதற்குள் என் கட்டில் காலியாகக் கிடந்தது. நிஜமாகவே அழுகை வந்தது.

முப்பதாம் நாள் இரண்டு தாரைச் சுமந்துகொண்டு இளைக்காமல் மேடேறினேன்.

"மாயக்கா, மூச்சு பழகிருச்சு. மேல போகட்டுமா?"

"நாளைக்குக் கோர்ட்டு தொறக்குது. எறங்கணும்."

"சரி, ரத்தந்தான் ஊறிருச்சே. அடுத்த வருசம் நேராவே மேல போயிருவேன்."

"அதெப்பிடி? அந்தப் பேப்பர அன்னைக்கே நானும் முழுசாப் படிச்சேன். கீழ எறங்குனா கொஞ்ச நாள்ல ரத்தம் பழைய அளவுக்கே வந்துருமாம். வருசா வருசம் எங்கப்பா வீட்டுல இருந்துதான் ஆரம்பிக்கணும்."