இருமினால் எரியும் பல்பு

"எல்லாத்தையும் தேச்சுட்டேன் சார். ரெண்டு வருசத்து அழுக்கு. என் நகமே போச்சு" என்றாள் மாரம்மா.

வெஸ்லின் தட்டைப் பார்த்தான். நேற்று மாலை வரை அதில் நாற்பத்தொரு கண்ணாடித் துண்டுகள் வெள்ளைப் படலத்தோடு மங்கலாகக் கிடந்தன. இப்போதும் நாற்பத்தொன்று இருந்தன. ஒவ்வொன்றிலும் அவன் முகம் தெளிவாகத் தெரிந்தது.

அந்த வெள்ளைப் படலம்தான் அவனுடைய ஆராய்ச்சி. கண்ணாடியின் மேல் துத்தநாக ஆக்சைடைப் புல் மாதிரி முளைக்க வைப்பது. ஒவ்வொரு புல்லும் தலைமுடியின் தடிமனில் ஆயிரத்தில் ஒரு பங்கு. அம்மோனியா பட்டால் அந்தப் புல் வழியாக ஓடும் மின்சாரம் மாறும், ஒரு சின்ன பல்பு எரியும். கிருஷ்ணகிரியைச் சுற்றி மாம்பழக்கூழ் வைக்கிற குளிர்பதனக் கிடங்குகளில் குழாய்க்குள் ஓடுவது அம்மோனியாதான். கசிந்தால் ஆள் பிழைப்பது கஷ்டம். கசிவை முதலிலேயே சொல்லிவிடும் கருவி செய்ய வேண்டும் என்பது அவன் ஆசை. நாற்பத்தொன்றில் ஒன்றுதான் வேலை செய்தது. மாரம்மா பாரபட்சம் பார்க்கவில்லை. அதையும் பாத்திரப் பவுடர் போட்டுத் தேய்த்திருந்தாள்.

அவளைச் சொல்லிக் குற்றமில்லை. இன்று கல்லூரியின் தரம் பார்க்க ஆய்வுக் குழு வருகிறது. பளபளக்காத எதுவும் கண்ணில் படக்கூடாது என்பது தாளாளர் நாராயணப்பன் போட்ட உத்தரவு. நூலகத்துப் புத்தகங்களை ஒருவர் முதன்முதலாகக் கையில் எடுத்ததே அந்த உத்தரவால்தான்.

"நல்லா பளிச்சுன்னு இருக்கும்மா" என்றான் வெஸ்லின். திட்ட வேண்டிய இடத்தில் பாராட்டுவது அவனுக்குப் பிறவி வியாதி.

ஓசூரிலிருந்து கிருஷ்ணகிரி போகிற நெடுஞ்சாலையோரம் இருந்தது அந்தப் பொறியியல் கல்லூரி. அதில் வெஸ்லின் உதவிப் பேராசிரியர். அவன் அறை வாசலில் 'அனைத்துலக நானோ ஆராய்ச்சி மையம்' என்று பலகை மாட்டியிருந்தார்கள். பலகை அறையைவிட நீளம் என்பதால் 'மையம்' மட்டும் பக்கத்துக் கழிப்பறைச் சுவரில் இருந்தது. குழுவிலுள்ள நானோ நிபுணர் இரண்டு மணிக்கு அறைக்கு வருவார். அவர் நல்லபடியாக எழுதினால் அறை பிழைக்கும். இல்லாவிட்டால் திங்கட்கிழமை முதல் அங்கே கராத்தே வகுப்பு. தாளாளர் பாய்க்கு அளவுகூட எடுத்தாயிற்று. அறை போனால் வெஸ்லினின் முனைவர் பட்டமும் அதோடு போகும்.

மணி எட்டரை. புல்லுக்கு அடியில் போடும் விதைப்பூச்சு மட்டும் போட்ட கண்ணாடி ஒன்று டிராயருக்குள் தப்பியிருந்தது. அதை ரசாயனக் கரைசலில் போட்டுத் தொண்ணூறு டிகிரியில் ஆறு மணி நேரம் வைத்தால் புல் முளைக்கும். ஐந்து மணி நேரத்தில் அரைப்புல்லாவது வராதா என்று நினைத்து அடுப்புப் பெட்டியை ஆன் செய்தான். ஒன்பது மணிக்குக் கரண்ட் போயிற்று. மாதாந்திரப் பராமரிப்பாம். ஜெனரேட்டர் கருத்தரங்க அறையின் ஏ.சி.க்கு மட்டும்தான் என்று அலுவலகத்தில் சொன்னார்கள். விஞ்ஞானம் வியர்க்கலாம், குழு வியர்க்கக் கூடாது.

கரைசல் பாட்டிலைத் தூக்கிக்கொண்டு கேன்டீனுக்கு ஓடினான். பழைய இட்லிக் குண்டான் ஒன்று ஓட்டையாகி மூலையில் கிடந்தது. ஓட்டையை எம்-சீல் வைத்து அடைத்து, தண்ணீர் ஊற்றி, பின்பக்கத்து அடுப்பில் பாட்டிலை இறக்கினான். இனி இந்தப் பாத்திரத்தில் சமைக்கவே கூடாது என்று கேன்டீன் மாஸ்டரிடம் மூன்று முறை சொன்னான். மாஸ்டர் மூன்று முறையும் தலையாட்டிவிட்டு, பதினோரு மணிக்குக் குழுவுக்குப் பெப்பர் சிக்கன் செய்ய அந்த அடுப்பே வேண்டும் என்று குண்டானை இறக்கி வைத்துவிட்டார்.

வெஸ்லின் கெஞ்சி மறுபடி ஏற்றினான். போன நேரத்தைப் பிடிக்க மாஸ்டர் நல்ல மனதோடு தீயை முழுக்கத் திறந்துவிட்டார். தண்ணீர் தளதளவென்று கொதித்து, பாட்டில் மூடி தெறித்தது.

ஒன்றரை மணிக்குக் கண்ணாடியை எடுத்தபோது அதன் மேல் புல் இல்லை. பொடுகு இருந்தது. பேட்டரியோடு இணைத்து அம்மோனியா பாட்டிலைப் பக்கத்தில் திறந்தான். பல்பு எரியவில்லை. பாட்டிலை ஆட்டினான். அவன் கண்தான் எரிந்தது.

நாராயணப்பன் உள்ளே வந்தார். குந்தாரப்பள்ளிப் பக்கம் நாற்பது ஏக்கர் மாந்தோப்பு, ஒரு கல்குவாரி, இந்தக் கல்லூரி என்று மூன்று சொத்து அவருக்கு. மூன்றையும் ஒரே மாதிரிதான் நடத்தினார்.

"என்னப்பா, எரியுமா?"

வெஸ்லின் நடந்ததைச் சொன்னான். புல் எப்படி முளைக்க வேண்டும், ஏன் முளைக்கவில்லை என்று விளக்கினான். அவர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்.

"பல்புதானே எரியணும்?"

"ஆமாங்க."

"அதுக்கு எதுக்குப்பா புல்லு? சுவிட்ச் வச்சா எரிஞ்சுட்டுப் போவுது."

அது தப்பு என்று சொல்ல வெஸ்லின் வாயைத் திறந்தான். வாசலில் இரண்டு பேர் கராத்தே பாய்களை இறக்கிக்கொண்டிருந்தார்கள். வாயை மூடிக்கொண்டான்.

இருபது நிமிடத்தில் மேஜைக்கு அடியிலிருந்து வயர் இழுத்து அலமாரிக்குப் பின்னால் சுவிட்ச் வைத்தாயிற்று. அங்கே உட்காரக் கிடைத்தது அவன் துறையிலேயே வேலை பார்க்கும் அனிதா. கை நீட்டுகிற தூரத்தில் பல்லி இருக்கிறது என்று முனகிக்கொண்டே உட்கார்ந்தாள். அங்கிருந்து பார்த்தால் அவளுக்கு மேஜை தெரியாது. எனவே வெஸ்லின் இருமினால் சுவிட்சை அழுத்த வேண்டும் என்று ஏற்பாடு. கொஞ்சம் மூளை உள்ளவன்கூட அம்மோனியா பாட்டிலைத் திறக்கும் அறையில் இருமலைச் சைகையாக வைக்க மாட்டான். முனைவர் பட்டத்துக்கு முயல்கிறவன் வைப்பான்.

சரியாக இரண்டு மணிக்கு நிபுணர் வந்தார். குழுத் தலைவர் ஏ.சி.யை விட்டு எழவில்லை. நிபுணர் மட்டும் தனியாக, தாளாளர் முன்னே வழிகாட்ட, கழுத்தில் அடையாள அட்டையோடு வந்தார். அறிவாளிக்கு உரிய மாதிரி அதிகம் பேசவில்லை. கண்ணாடியைக் கையில் எடுத்து, வெளிச்சத்தில் சாய்த்து, விரல் நுனியால் ஓரத்தை மெல்லத் தடவினார்.

"எத்தனை கோட்டு?"

"ரெண்டு சார். முதல்ல விதைப்பூச்சு, அது மேல வளர்ப்பு."

"அடிக்கோட்டு சரியா பிடிக்கலைன்னா மேல என்ன போட்டாலும் உரிஞ்சுடும். பார்த்தீங்களா?"

வெஸ்லினுக்குப் புல்லரித்தது. அதுதான் முதல் வருடம் முழுக்க அவன் பட்ட பாடு.

"சூடு வச்சுக் காயவச்சதா, தானா காஞ்சதா?"

"சூடு வச்சுத்தான் சார்."

"மழைக்காலத்துல ஈரம் இழுக்குமே. அப்போ என்ன பண்ணுவீங்க?"

வெஸ்லினுக்குக் கண் கலங்கிவிட்டது. அவனுடைய வழிகாட்டிப் பேராசிரியர் இந்த இரண்டு வருடத்தில் கேட்ட ஒரே கேள்வி, ஓசூரில் நல்ல ரோஜாச் செடி எங்கே கிடைக்கும் என்பது. அவனுடைய கண்ணாடியை இதுவரை யாரும் இப்படித் தொட்டுப் பார்த்ததில்லை.

ஈரத்தைப் பற்றி அவன் ஆர்வமாகச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே, மாரம்மா தாராளமாக ஊற்றியிருந்த பினாயில் நெடிக்கு நிபுணர் இருமினார். பல்பு எரிந்தது.

அம்மோனியா பாட்டில் இன்னும் மூடியபடி இருந்தது.

"வாயு வர்றதுக்கு முன்னாடியே காட்டுதா?" என்றார் நிபுணர்.

"முன்னெச்சரிக்கைங்க" என்றார் தாளாளர்.

இனி தள்ளிப்போட முடியாது என்று வெஸ்லின் பாட்டிலைத் திறந்தான். அவன் இருமினான், தாளாளர் இருமினார், நிபுணர் இருமினார், வாசலில் பாயோடு நின்றவர்களும் இருமினார்கள். அனிதா கடமை தவறாதவள். பல்பு திருவிழா சீரியல் செட் மாதிரி மின்னியது. கடைசியில் அலமாரியே இருமியது. அதற்கும் எரிந்தது.

நிபுணர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, அங்கேயே நின்று, மிகச் சிறந்த கருவி, உடனே பயன்பாட்டுக்குக் கொண்டுவரலாம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். பாய்கள் வந்த வழியே திரும்பிப் போயின. பிறந்ததிலிருந்து வெஸ்லின் ஜெயித்தது அதுதான் முதல் தடவை. எப்படி நிற்பது என்று அவனுக்குத் தெரியவில்லை.

நாராயணப்பன் போனில் தெலுங்கில் மச்சானோடு பேசி முடித்துவிட்டு அவன் தோளைத் தட்டினார்.

"மச்சான் கிடங்குல திங்கக்கிழமையே மாட்டிடலாம்ப்பா. நிபுணரே எழுதிக் குடுத்துட்டாரு. அங்க இருக்கற பழைய கேஸ் மீட்டரைக் கழட்டச் சொல்லிட்டேன்."

"அங்க எத்தனை பேருங்க வேலை செய்யறாங்க?"

"ஒரு முப்பது பொம்பளைங்க இருக்கும். எதுக்கு கேக்கறே?"

வெஸ்லின் மெதுவான குரலில் அது வேண்டாம் என்று சொன்னான். தாளாளர் சிரித்தார். நிபுணரைவிட உனக்கு அதிகம் தெரியுமா, அடக்கம் இருக்க வேண்டியதுதான், ஆனால் இவ்வளவு கூடாது என்றார். அனிதாவைக் கிடங்கில் எந்த அலமாரிக்குப் பின்னால் உட்கார வைப்பது என்று அவர் யோசித்ததாகத் தெரியவில்லை.

கால் மணி நேரம் அறையில் தனியாக உட்கார்ந்திருந்தான். பிறகு எழுந்து, நிபுணரின் கார் நிற்கும் போர்ட்டிகோவுக்கு நடந்தான். அறை போகட்டும், பட்டம் போகட்டும், அந்தக் கையெழுத்தை அடித்துவிடச் சொல்ல வேண்டும். அவனுடைய புல்லைத் தொட்டுப் பார்த்த ஒரே மனிதரிடம் அவன் பொய்யன் என்று சொல்லப் போகிறான். அதுதான் கால்களைப் பின்னால் இழுத்தது.

நிபுணர் கேன்டீனில் பெப்பர் சிக்கனோடு இருந்தார். காரைத் துடைத்துக்கொண்டிருந்தார் அவருடைய டிரைவர் ஆஞ்சப்பன். என்ன விஷயம் என்று கேட்டார். பயத்தில் எல்லாவற்றையும் அவரிடமே கொட்டிவிட்டான் வெஸ்லின்.

"அந்தக் கருவி வேலை செய்யாதுண்ணே. சுவிட்சு வச்சு ஏமாத்திட்டேன். கிளம்பறதுக்கு முன்னாடி நிபுணர் சார்கிட்ட ரெண்டு நிமிசம் பேசணும்."

ஆஞ்சப்பன் துணியை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

"நிபுணர் ஊர்ல இருக்காரு சார், பொண்ணுக்கு இன்னைக்கு நிச்சயம். இங்க வந்திருக்கறது அவரு தம்பி, நாமக்கல்ல லாரிக்குப் பெயின்ட் அடிக்கிறாரு."