கட்டிலில் இலை, தரையில் அக்கா

தர்மபுரி மாவட்டத்திலேயே கட்டிலை இலைக்குக் கொடுத்துவிட்டுத் தரையில் படுத்துத் தூங்கிய ஒரே ஜீவன் எங்கள் முடக்கத்தான் அக்காதான். அடித்துச் சொல்வேன்.

பெண்கள் விடுதியில் அவள் என் அறைத்தோழி. முடக்கத்தான் இலைச்சாறு வீக்கத்தைத் தணிக்குமா என்று ஆராய்ச்சி செய்ததால் அந்தப் பெயர். இலையை வெயிலில் போட்டால் சத்து போய்விடுமாம், நிழலில்தான் காய வேண்டுமாம். எங்கள் அறையை விட்டால் அவளுக்கு வேறு நிழல் ஏது? பென்னாகரத்தில் அவள் வீட்டிலிருந்து மூட்டை மூட்டையாக வந்து இறங்கும். ஃபேன் இலைக்கு, புழுக்கம் எங்களுக்கு.

சோதனைக்கு முட்டையின் வெள்ளைக்கரு வேண்டும். அதில் சாற்றைக் கலந்து சூடாக்கி, திரளாமல் நிற்கிறதா என்று பார்ப்பாள்; திரளாவிட்டால் வீக்கத்தைத் தணிக்கும் குணம் இருக்கலாமாம். மிச்சமாகும் மஞ்சள்கருவெல்லாம் எனக்கு. தின்று தின்று, கோழியைக் கண்டாலே தெருவின் மறுபக்கம் போக ஆரம்பித்தேன்.

ஒருநாள் என் ஊதா சுடிதார் சாயம் போய்விட்டது. நான் அழுகிறேன், அவள் பூரிக்கிறாள்! லேபில் அவள் வைத்திருக்கும் ஊதா ரசாயனமும் நல்ல இலைச்சாறு பட்டால் அப்படித்தான் வெளுக்குமாம். ஆன்டிஆக்ஸிடன்ட் இருப்பதற்கு அதுதான் அடையாளமாம். "எதுல புள்ள அலசுன? அந்தத் தண்ணிய ஊத்திடாத!" என்று பக்கெட்டைத் தூக்கிக்கொண்டு லேபுக்கு ஓடினாள்.

எங்கள் வார்டனுக்கு மூட்டுவலி. ஒருநாள் அறைக்கே வந்துவிட்டார்.

"அந்தச் சாறுல ரெண்டு சொட்டு எனக்குக் குடேம்மா."

"ஐயோ, வேணாங்க மேடம். அது மெத்தனால்ல எடுத்தது, வெசம். இன்னும் எலிக்கே குடுத்துப் பாக்கல, உங்களுக்கு எப்படிங்க குடுக்கறது?"

"எலிக்கு அப்புறந்தான் நானா?"

"ஆமாங்க மேடம்" என்றாள் அக்கா, மிகுந்த மரியாதையோடு.

மறுநாளே அக்காவுக்கு அறையைக் காலி செய்யச் சொல்லி உத்தரவு. இலைக்குப்பையாம், காரணம். இவள் போய்விட்டால் நான் யாரோடு சண்டை போடுவேன்?

"முடக்கத்தான் ரசம் வெச்சு, பாட்டில்ல ஊத்தி, இதான் சாறுன்னு குடுத்துடுக்கா. அவங்களும் குளுந்துடுவாங்க" என்று கெஞ்சினேன்.

"வலி கொறஞ்சிருச்சுன்னு அவங்க ஊரெல்லாம் சொல்லிட்டா? டெஸ்ட் டியூப்ல நடக்கறது வேற, மனுசங்க முட்டி வேற, புள்ள."

அன்றைக்கே மூட்டை கட்டிவிட்டாள்.

பென்னாகரம் பஸ்ஸில் மூட்டையை நிழல் பக்கம் வைத்துவிட்டு, அவள் வெயில் பக்கம் உட்கார்ந்தாள். ஜன்னலைப் பிடித்துக்கொண்டு, "எப்பக்கா வருவ?" என்றேன்.

"வூட்டுல போட்டு, எல காஞ்சதும் வந்துடறேன். அழுவாத."

அறைக்கு அவள் திரும்பவேயில்லை. பட்டம் வாங்கினாள், வடக்கே எங்கோ வேலைக்குப் போனாள் என்றெல்லாம் கேள்விப்பட்டேன். பழைய போன் நம்பரில் இப்போது வேறு யாரோ எடுக்கிறார்கள். எனக்குப் பெரிய கட்டில், ஏசி, துரும்புகூட இல்லாத மெத்தை எல்லாம் வந்துவிட்டன. தூக்கம்தான் வரமாட்டேன் என்கிறது.

எந்த இலை அக்கா இத்தனை வருஷமாகக் காய்கிறது? ஈரமாக இருந்தாலும் பரவாயில்லை, அள்ளிக்கொண்டு வந்துவிடு.