பத்து மணி வெயில் கேட்ட கங்காணி

சூரியன் மட்டும் கொஞ்சம் பொறுமையாக நின்றிருந்தால், எங்கள் கங்காணி அதற்கும் வேலை சொல்லிக் கொடுத்திருப்பார். அது நிற்கவில்லை, நான் நின்றேன். என் தோள்பட்டை இன்றும் அதைச் சொல்லும்.

மேகமலை ஏலத்தோட்டத்தில் நாற்பது வருடம் நிழல் பார்த்த மனிதர். ஏலச்செடிக்கு மேலே எந்தக் கிளை இருக்கலாம், எதை வெட்ட வேண்டும் என்று சொல்வதுதான் வேலை. மூச்சுத்திணறல் வந்து, இனி மலையேறவே கூடாதென்று டாக்டர் சொல்லிவிட, அல்லிநகரத்தில் என் பக்கத்து வீட்டுக்குக் குடிவந்தார். மலையிலிருந்து அவரோடு இறங்கியது தொட்டியில் ஒரே ஓர் ஏலச்செடி. வீடோ, நடுப்பகலிலும் லைட்டைப் போட்டால்தான் சோற்றுத்தட்டு தெரியும் வீடு. கொஞ்ச நாளில் இலை வெளிறத் தொடங்கியது. கங்காணியின் முகமும்தான்.

என்னையும் இழுத்துக்கொண்டு எலக்ட்ரிக் கடைக்குப் போனார்.

"தம்பி, பத்து மணி வெயில் மாதிரி ஒண்ணு குடு."

"எத்தனை வாட்டு வேணும் பெரியவரே?"

"வாட்டு கெடக்கட்டும்ப்பா. மழை பெஞ்சு ஓஞ்ச பத்து மணி."

கடைக்காரர் என்னைப் பார்த்தார். நான் மின்விசிறியைப் பார்த்தேன்.

முதலில் வந்தது ஊதா நிறச் செடி லைட்டு. சோறும் ஊதா, குழம்பும் ஊதா. அடுத்தது கோயில் கொடைக்குக் கட்டுகிற ஃபோகஸ் லைட்டு. ஒரே நாளில் இலை நுனி கருகியது. மனிதர் லைட்டைக் கழற்றுவார் என்றா நினைக்கிறீர்கள்? செடிக்கு மேலே குடையை விரித்துக் கட்டினார்!

"கட்டி வந்து நாப்பது வருசமாச்சு," என்றார் அவர் மனைவி. "நான் வெயில்ல நிக்கிறேனா, நெழல்ல நிக்கிறேனான்னு ஒரு நா கேட்டிருப்பாகளா இவுக?"

கடைசியில் சாதாரண வெள்ளை எல்இடி டியூப்தான் தேறியது. அதை எந்த உயரத்தில் தொங்கவிடுவது? அதற்குத்தான் நான். ஸ்டூல் மேல் ஏறி, இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்து நிற்பேன். அவர் இலைக்கு மேலே உள்ளங்கையை விரித்து, அதன் நிழலையே முறைப்பார்.

"ஒரு சாண் ஏத்து. விரலு விரலாத் தெரியுது பாரு, வெளிச்சம் காட்டம்."

ஏற்றினேன்.

"எறக்கு, எறக்கு. கையவே காணோம்."

"எனக்கும் கையக் காணோம்ணே."

"ஏலே, கை தெரியணும், விரலு தெரியக் கூடாது. அதான் பதம்."

மூன்று ஞாயிற்றுக்கிழமை இப்படியே போனது. பதம் கிடைத்ததும் கொக்கி அடித்தார். காலையில் போட்டால், பொழுது சாய்ந்ததும் அணைத்துவிட வேண்டும். "அதும் தூங்க வேணாமா?"

போன மாதம் மூச்சு ரொம்ப மோசமாகி, கோவையில் மகள் வீட்டுக்கே போய்விட்டார்கள். செடி டியூப்லைட்டோடு என் வீட்டுக்கு வந்தது. "அங்கன நாலாப் பக்கமும் வெயிலு. கருகிரும்," என்றார். தினமும் போன் வரும்.

"கை வச்சியா?"

"வச்சேன்ணே."

"விரலு?"

"தெரியல."

எனக்குத் தெரிந்ததெல்லாம் வரிசையாக உதிர்ந்த மூன்று இலைகள்தான். அதை மட்டும் சொல்லவில்லை.

நேற்று தூரில் பச்சையாக ஒரு முளை. கையை நிழலுக்கு வைத்தபடியே சொன்னேன். அந்தப் பக்கம் இழுக்கிற மூச்சு கேட்டது. பிறகு:

"ஏலே, இன்னும் கைய நீட்டிக்கிட்டா நிக்கிற? எடு. புள்ளைக்கு வெளிச்சம் வேணும்ல."

கையை எடுத்துவிட்டேன். போனை வைக்கத்தான் மனம் வரவில்லை.