மேடையில் நிகழ்ந்த இரண்டு மரணங்கள் தொடர்பாக

ஒருவர் இறந்தால் இருபத்தொரு நாளுக்குள் அதைப் பதிவு செய்தாக வேண்டும். இது சட்டம். பிறப்பு, இறப்பு, திருமணப் பதிவு அலுவலகத்தில் முப்பது வருஷமாகக் குப்பை கொட்டும் தலைமை எழுத்தன் என்ற முறையில் சொல்கிறேன், இந்தச் சட்டத்தில் ஓட்டை கிடையாது. ஓட்டையெல்லாம் என்னிடம்தான்.

அது 'பொறுப்பேற்பு ஆண்டு' என்று மேலிடம் அறிவித்திருந்தது. 'பொறுப்பு என்னுடையது' என்று எழுதிய பேட்ஜ் ஆளுக்கொன்று கொடுத்தார்கள். ஊசி குத்திச் சட்டை கிழிந்ததற்கு யார் பொறுப்பு என்று கேட்டபோது, கொடுத்தவர்கள் அடுத்த மேஜைக்கு நகர்ந்துவிட்டார்கள்.

ஆண்டு விழாவுக்கு ஒரு பழைய சோக நாடகம் போட்டோம். ஒன்றுக்கொன்று ஆகாத இரண்டு குடும்பங்கள். இந்த வீட்டுப் பையனும் அந்த வீட்டுப் பெண்ணும் காதலிக்கிறார்கள். 'ஆற்றங்கரையில் காத்திரு, வந்துவிடுகிறேன்' என்று அவள் கடிதம் கொடுத்தனுப்புகிறாள். அது போய்ச் சேரவில்லை. அவள் மனம் மாறிவிட்டாள் என்று நினைத்து அவன் விஷம் குடிக்கிறான். அதைப் பார்த்து அவளும் குடிக்கிறாள்.

பெண்ணாக நடித்தவள் எங்கள் தட்டச்சர், என் அண்ணன் மகள். பையனாக நடித்தவன் முத்திரை குத்தும் பிரிவில் இருப்பவன். அலுவலகத்தில் அவனுக்கு 'சீல்' என்றே பேர். எனக்குக் கடிதம் கொண்டுபோகிறவன் வேஷம். கடிதம்தான் போய்ச் சேராதே, அதனால் நான் மேடைக்கே வர வேண்டியதில்லை. வேஷம் அப்படியே பொருந்திவிட்டது என்று எல்லோரும் பாராட்டினார்கள்.

இதில் ஒரு சங்கதி. இவர்கள் இரண்டு பேருக்கும் நிஜமாகவே காதல். என் அண்ணன் மகா கோபக்காரர். அந்த வார ஞாயிற்றுக்கிழமை மகளுக்கு வேறு இடத்தில் பேசி முடிப்பதாக இருந்தார். நேரில் சொல்லப் பயந்து, அப்பாவுக்கு ஒரு கடிதம் எழுதி என்னிடம் கொடுத்திருந்தாள்.

"சித்தப்பா, லெட்டர் கொடுத்தீங்களா?"

"ஆபீஸ்ல சார்னு கூப்பிடு."

"சார், லெட்டர் கொடுத்தீங்களா?"

"அண்ணன் மூடு சரியில்லம்மா. பார்த்துக் கொடுக்கறேன்."

கடிதம் என் சட்டைப்பையில், பேட்ஜுக்குப் பின்னால் பத்திரமாக இருந்தது.

அந்த நேரம் பார்த்து, எங்கள் பதிவேடுகளைத் தணிக்கை செய்யும் அதிகாரி வந்து சேர்ந்தார். விழா அழைப்பிதழில் அச்சடித்திருந்த கதைச்சுருக்கத்தைப் படித்தார்.

"அலுவலக வளாகத்துல, நூத்திருபது ஊழியர்கள் முன்னிலையில ரெண்டு மரணம். பதிவேட்டுல காணோமே?"

"சார், அது நாடகம்."

"நாடகத்துக்கு விலக்கு உண்டுன்னு விதியில இருக்கா?"

தேடினோம். இல்லை.

மேலாளர் ஆடிப்போனார். மரணத்தைப் பதியக் காரணம் வேண்டும், காரணத்துக்கு ஒரு பொறுப்பாளர் வேண்டும். என்னை விசாரணை அதிகாரியாகப் போட்டார்.

முதலில் பெண்ணின் தகப்பனார். அந்த வேஷம் கட்டியவர் மேலாளரேதான். "பொண்ணு எனக்கு எழுத்து மூலமா எதையும் தெரியப்படுத்தல. தெரியப்படுத்தாததை எப்படிய்யா பரிசீலிக்கறது?" என்றார். ஏற்றுக்கொண்டேன். விஷம் விற்றவராக நடித்த கணக்கர், "பாட்டில்ல விஷம்னு பெரிசா ஒட்டித்தான் கொடுத்தேன். படிச்ச பையன்தானே?" என்றார். அதையும் ஏற்றுக்கொண்டேன். பிறகு பார்வையாளர்களைக் கூப்பிட்டேன்.

"கடிதம் போய்ச் சேரலைன்னு உங்களுக்குத் தெரியுமா?"

"நல்லாத் தெரியும் சார்."

"எழுந்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?"

"சொல்ற அதிகாரம் எங்களுக்குக் கொடுக்கலையே. கைதட்டத்தான் சொன்னீங்க."

நியாயம்தானே.

மிச்சம் கடிதக்காரன். விளக்கம் கேட்டு அவனுக்கு ஒரு குறிப்பாணை எழுதினேன். நானே எழுதி, நானே கையெழுத்திட்டு, எனக்கே தபாலில் அனுப்பினேன். பதில் வரவில்லை. 'அன்னாரை மேடையில் கண்டதாகச் சாட்சியம் இல்லாமையால், அன்னார் இல்லை எனக் கருதப்படுகிறது' என்று முடித்தேன். ஓய்வு பெற எனக்கு ஆறு மாசம்தான் பாக்கி, ஊர் வம்பை விலைக்கு வாங்குவானேன்?

ஆகவே பொறுப்பு இறந்த இருவரையே சாரும். அவர்கள் ஆட்சேபம் எதுவும் தெரிவிக்கவில்லை.

பதிவேட்டில் வேஷப்பேர் எழுத விதியில் இடமில்லை, அதனால் சொந்தப் பேர்களையே எழுதினேன். "சார், இது நம்ம பசங்க பேரு..." என்று இழுத்தேன். "தணிக்கை முடியட்டும், அப்புறம் பரிசீலிக்கலாம்" என்றார் மேலாளர். கையெழுத்து சுத்தமாக விழுந்தது. முத்திரை குத்தியவன் சீல்தான். ஒரு நாளைக்கு நானூறு குத்துகிறவன், எதையும் படிக்கிற வழக்கமில்லை.

என்னிடம் கேட்டுக் கேட்டு அலுத்துப்போய், வெள்ளிக்கிழமை இரண்டு பேரும் தாங்களே பதிவு செய்துகொள்ள மாடியிலிருந்த திருமணப் பிரிவுக்குப் போனார்கள். பதிவேட்டைப் பார்த்த எழுத்தர், "இறந்தவங்களுக்கு நாங்க கல்யாணம் பண்ணிவைக்கறதில்லை" என்று திருப்பி அனுப்பிவிட்டார்.

அவள் நேரே என் மேஜைக்கு வந்தாள். "எங்களைச் சாகடிச்சது யாரு சித்தப்பா?"

சார்னு கூப்பிடு என்று சொல்ல நாக்கு எழவில்லை. கை தானாகச் சட்டைப்பைக்குப் போயிற்று. அவள் பார்த்துவிட்டாள். கடிதத்தைப் பிடுங்கிக்கொண்டு வீட்டுக்கு ஓடினாள்.

அண்ணன் படித்தாராம். "இவ்வளவுதானா? முன்னாடியே சொல்லித் தொலைச்சிருந்தா நானே முன்னே நின்னு நடத்தியிருப்பேனே!" என்றாராம். ஞாயிற்றுக்கிழமைப் பேச்சையும் அன்றே நிறுத்திவிட்டார். கடிதம் இத்தனை நாள் யாரிடம் இருந்தது என்று மட்டும் அவள் சொல்லவில்லை. சித்தப்பாவே சொல்லட்டும் என்று விட்டுவிட்டாளாம். அவள் நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூட எனக்கு இவ்வளவு வலித்திருக்காது.

இப்போது விதி என்னவென்றால், இறந்தவர்கள் தாங்கள் உயிரோடு இருப்பதாக விண்ணப்பிக்க முடியாது. காணாமல் போன கடிதக்காரன் வந்து, 'தவறு என்னுடையது' என்று ஒரு கையெழுத்துப் போட்டால் போதும், பதிவு ரத்தாகும். அண்ணன் தினமும் வந்து என் ஜன்னலுக்கு முன்னால் வரிசையில் நிற்கிறார்.

நேற்றும் வந்தார். "யாருடா அந்தக் கடுதாசிக்காரன்? ஒரே ஒரு கையெழுத்துல என் பொண்ணு உசிரோட வந்துடுவாளாமே. கண்டுபிடிச்சியா இல்லையா?"

"தேடிக்கிட்டே இருக்கோம் அண்ணா."

கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு என் சட்டையை உற்றுப் பார்த்தார்.

"பொறுப்பு என்னுடையதுன்னு போட்டிருக்கே, என்னடா இது?"

பேட்ஜைக் கையால் மூடினேன்.

"அதுவா? அது எல்லாருக்கும் கொடுத்தது அண்ணா."

அவர் திரும்பிக் கூடம் முழுக்கப் பார்த்தார். ஆமாம், எல்லார் சட்டையிலும் இருந்தது.

என் மேஜை இழுப்பறையில் ஒரு பேட்ஜ் மிச்சமிருந்தது. எடுத்து அண்ணன் சட்டையில் குத்தி அனுப்பினேன்.